இடது பக்கத்துப் பாட்டில்

பிப்ரவரி 6

என் பூனையைக் கொல்லப் பார்த்தவள் என் மருமகள் வாசுகி. பிற்பாடு யாரும் மாற்றிப் பேசக் கூடாது என்பதற்காக இதை முதல் வரியிலேயே எழுதி வைக்கிறேன்.

நடந்தது இது. காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் பூனை காயிலுக்குச் சர்க்கரை வியாதி ஊசி போட்டேன். இரண்டு யூனிட். எட்டரைக்குத் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்தில் தள்ளாடியது. அதற்குப் பின்னங்கால்கள் ஒரு வருடமாகவே சரியில்லை, அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பதுக்குப் பக்கவாட்டில் விழுந்து நான்கு கால்களும் வெட்டி இழுத்தன. வாயில் நுரை. வாசுகி சர்க்கரையைக் கரைத்து அதன் ஈறில் தடவினாள். துண்டில் சுற்றி என் மடியில் வைத்து, ஸ்கூட்டரில் கால்நடை டாக்டர் பெனசீரிடம் கொண்டு போனாள். செய்தவளுக்குத்தானே என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

டாக்டர் காதோரத்தில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தார். முப்பத்தொன்று. இருக்க வேண்டியதில் பாதி கூட இல்லை.

"இன்னிக்கு ரெண்டு தடவ ஊசி போட்டுட்டீங்களா ஐயா?"

"ஒரு தடவதான்."

"வீட்ல வேற யாராவது போட்டிருப்பாங்களா?"

அந்தக் கேள்வி போதும். வாசுகி ஐந்தரைக்கே எழுகிறவள். இரண்டு நாள் முன்னால்தான், "நீங்க நல்லாத் தூங்குங்க மாமா, காலைல ஊசிய நான் போட்டுடறனுங்க" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் பேச்சை மீறிப் போட்டிருக்கிறாள். நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பின் ஃப்ரிட்ஜைக் கழுவுகிறேன் என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். மருந்துப் பாட்டிலில் கை வைத்துப் பழகியவள் என்பதற்கு அதுவும் சாட்சி.

ஆஸ்பத்திரியில் நாய் வைத்துக்கொண்டு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன். "கொல்றதுன்னா நேராச் சொல்லீட்டுக் கொல்லு."

"சாமி சத்தியமா நான் தொடவே இல்லீங் மாமா."

நான் நாலாவது வரை படித்தவன். மோட்டாருக்குக் காயில் கட்ட எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எரிந்த மோட்டாரைப் பிரித்து, சுற்று எண்ணி, கம்பியின் கனம் அளந்து, நானே கற்றேன். நாற்பத்திரண்டு வருடத்தில் அளவு தப்பிவிட்டது என்று ஒரு மோட்டார் என்னிடம் திரும்பி வந்ததில்லை. அளவு விஷயத்தில் நாச்சிமுத்துவை யாரும் கேள்வி கேட்க முடியாது.

இன்று முதல் அவளோடு பேச்சு இல்லை. அவள் சமைத்ததையும் தொடப்போவதில்லை.

பிப்ரவரி 7

பூனை ஆஸ்பத்திரிக் கூண்டில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். கூப்பிட்டேன். தலையைத் திருப்பவில்லை.

பதினைந்து வயது. பட்டறையில் ஒரு பழைய மோட்டார் கூட்டுக்குள் தாய்ப்பூனை போட்ட மூன்றில் ஒன்று. மற்ற இரண்டும் வளையத்தைப் போல் சுருண்டு கிடந்த இதன் மேல்தான் படுக்கும். அதனால் காயில். என் சம்சாரத்துக்குப் பூனையே ஆகாது. இருந்தவரை இதை ஒருமுறை கூடத் தடவியதில்லை, ஆனால் மீன் வாங்கினால் தலையை மட்டும் தனியாக எடுத்து வைப்பாள்.

இப்போது அதற்கு இருப்பவை: சர்க்கரை. சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டது, ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் நூறு மில்லி தண்ணீர் ஏற்ற வேண்டும். பின்னங்கால் மூட்டு. மேல் ஈறில் புண், அதனால் எதையும் அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் காலையில் என் கால் கட்டை விரலைக் கடித்து எழுப்பும். அந்த ஒன்று மட்டும் மாறவில்லை.

பிப்ரவரி 8

வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. வெளிக்கு இருக்கும் மண் தட்டு எங்கே என்பது பூனைக்கு மறந்துவிட்டது. சமையலறை மூலையில் போய் இருந்தது. நான் துடைத்தேன்.

ஒரு வாரம் சர்க்கரை ஊசி கூடாது, பிறகு பார்த்து ஒரு யூனிட்டில் ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டர். இன்னொரு தடவை அப்படி ஆனால் பிழைக்காது என்றும் சொன்னார். என்னிடம் சொல்லிப் பயன் என்ன?

பிப்ரவரி 9

ஞாயிறு. மகன் திருமூர்த்தி ஓசூரிலிருந்து வந்தான். பெண்டாட்டி போனில் அழுதிருப்பாள்.

"ஏனுங்ப்பா, ஊரே பாக்க ஆஸ்பத்திரில வெச்சு அவளக் கொலகாரிங்கற மாதிரிப் பேசிருக்கீங்க."

"நடந்ததச் சொன்னேன்."

"அவ எதுக்குங்ப்பா பூனைக்கு ரெண்டாவது ஊசி போடப் போறா? அதுக்குப் பீ அள்றதே அவதான்."

"அள்ளச் சலிச்சுப் போயிருக்கும்."

அவன் முகம் தெரியவில்லை, ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றான். "சரிங்க. மாசக் கடைசில அவள நான் ஓசூருக்கே கூட்டிட்டுப் போறேன். நீங்களும் உங்க பூனையும் இங்க ராஜ்ஜியம் பண்ணுங்க" என்றான்.

போகட்டும்.

போகும்போது கண் ஆபரேஷன் பேச்சையும் எடுத்தான். வருடம் இரண்டாக இதே பாட்டு. ஆபரேஷன் செய்தால் ஒரு மாதம் குனியக் கூடாது, தூசி கூடாது, பூனை முடி கூடாது. ஊசி யார் போடுவார்கள் என்று கேட்டேன். வாசுகி என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டான். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஹாலில் டியூப் லைட் மங்கிவிட்டது, மாற்றச் சொன்னால் யாரும் மாற்றுவதில்லை. மாற்றிப் பதினைந்து நாள்தான் ஆகிறது என்கிறான்.

பிப்ரவரி 10

தண்ணீர் ஏற்றும் நாள். இது இரண்டு பேர் வேலை: ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் பிடரித் தோலைத் தூக்கி ஊசி நுழைக்க வேண்டும். தனியாகச் செய்தேன். முதல் முறை ஊசி தோலின் அந்தப் பக்கம் வெளியே வந்து தண்ணீர் முழுவதும் பாயில். இரண்டாம் முறை என் விரலில். மூன்றாம் முறை பூனை கத்தியது. நிறுத்திவிட்டேன். இருபது மில்லி போயிருக்கும்.

பிப்ரவரி 11

மறுபடி உட்கார்ந்தேன். நான் கூப்பிடவில்லை. வாசுகி தானாக வந்து எதிரே உட்கார்ந்து, துண்டைப் போட்டுப் பூனையை முழங்காலுக்கிடையில் அணைத்துக்கொண்டாள். பிடரியை அவளே தூக்கிப் பிடித்தாள். ஊசி நுழைக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்திருந்தாள். அந்த விரலை ஒட்டிக் குத்தினேன். நூறு மில்லியும் ஏறியது.

பூனை மட்டும் உறுமியது.

எனக்கும் சர்க்கரை வியாதி உண்டு; இன்று பார்த்தால் இருநூற்றுத் தொண்ணூறு. நாக்கு வறள்கிறது, அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறது. இப்போது சாப்பிடுகிற மெஸ் இட்லிதான் காரணம். அவர்கள் என்ன அரிசி போடுகிறார்களோ.

பிப்ரவரி 12

பூனை வாசுகியின் பழைய நைட்டி மேல் போய்ப் படுக்கிறது. கூப்பிட்டால் வருவதில்லை. கட்டை விரலைக் காட்டினேன், முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பிப்ரவரி 13

சர்க்கரை முந்நூற்று முப்பது. என் ஊசியை ஒருநாள் கூட விட்டதில்லை. இரவு சாப்பாட்டுக்கு முன் பதினான்கு யூனிட், மூன்று மாதமாக.

இதையும் எழுதி வைக்க வேண்டும். எனக்கு ஆரஞ்சு மூடி ஊசி, பூனைக்குச் சிவப்பு மூடி ஊசி. இரண்டும் தனித்தனி டப்பாவில். ஊசியில் கோடு எண்ணிக்கொண்டிருக்கும் வேலை எனக்குக் கிடையாது. மோட்டார் காயில் முனைக்கு மாட்டும் ஸ்லீவ் என்ற கெட்டிக் குழாயை அளந்து வெட்டி, ஒரு பக்கம் பிளந்து, இருவருக்கும் ஒவ்வொரு துண்டு செய்து வைத்திருக்கிறேன். மருந்தைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்து, துண்டை ஊசியின் தள்ளுதண்டில் மாட்டி, அது முட்டும்வரை தள்ளினால் மிச்சம் பாட்டிலுக்கே போய்விடும். துண்டைக் கழற்றினால் உள்ளே இருப்பது சரியான அளவு. கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். ஆக, பிசகு என் பக்கம் இருக்க வழியே இல்லை.

மாலையில் வாசுகி ஒரு வாரத்துக்குப் பின் வாய் திறந்தாள். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தபடி நின்றுகொண்டு, "மாமா, பூனைக்குத்தான் ஒரு வாரமா ஊசி இல்லீங்களே. அப்பறம் அது பாட்டல்ல மருந்து எப்படிங்க கொறைஞ்சுது?" என்றாள்.

என்னையே கண்காணிக்கிறாள். டிவியைப் பெரிதாக வைத்தேன்.

பிப்ரவரி 14

டாக்டர் பெனசீர் போன் செய்தார். "நாளைக்கு மறுபடி ஊசி ஆரம்பிக்கலாம் ஐயா. ஆனா பாட்டில், ஊசி எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. என் முன்னாடி ஒரு தடவ போட்டுக் காட்டணும்."

யார் சொல்லி இந்தப் போன் வந்தது என்று எனக்குத் தெரியாதா? வரட்டும், காட்டுகிறேன். நாளைக் காலையில் என் ஊசியையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக வாசுகி சுவரைப் பார்த்துச் சொன்னாள். இன்று இரவு ஊசி போடாமல் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடலாமா என்றும் சுவரிடமே கேட்டாள். சுவர் பதில் சொல்லவில்லை. நான் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 15

போனோம். ஸ்கூட்டரில் அவள் முன்னால், நான் பின்னால், நடுவில் கூடை.

டாக்டர் மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். சிவப்பு மூடி ஊசி, ஸ்லீவ் துண்டு, பாட்டில். மருந்தை இழுத்தேன், துண்டை மாட்டினேன், தள்ளினேன், கழற்றினேன். டாக்டர் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கோடு மேலயே நிக்குது ஐயா. இத நீங்களே செஞ்சீங்களா?"

"பின்ன?"

"பிரமாதம். பாட்டில கொஞ்சம் குடுங்க."

கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கையிலேயே திரும்ப வைத்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க ஐயா."

"பூனையோட மருந்து."

"படிங்க."

ஜன்னல் பக்கம் கொண்டு போனேன். கிட்டே பிடித்தேன், தள்ளிப் பிடித்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தது. வரச் சொன்னவர் நல்ல விளக்காகப் போட்டிருக்க வேண்டும். பூனைக்கு எழுதிக் கொடுத்தது மில்லிக்கு நாற்பது யூனிட் பலம். எனக்கு நினைவிருக்கிறது. "நாப்பது" என்றேன்.

கூடைக்குள் காயில் புரண்டு படுத்த சத்தம் கேட்டது.

"நூறு போட்டிருக்குங்க ஐயா" என்றார் டாக்டர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது உங்க மருந்து. உங்க அளவுத் துண்டு சரி, ஊசி சரி, பாட்டில்தான் மாறிருக்கு. பூனை ஊசில இத ரெண்டு கோடு இழுத்தா ரெண்டு யூனிட் இல்ல, அஞ்சு யூனிட். அன்னிக்கு உள்ள போனது அதுதான்." பிறகு, "அப்போ ஒரு வாரமா நீங்க போட்டுக்கறது பூனையோட மருந்து. உங்களுக்குப் பாதி கூடப் போயிருக்காது. உங்க சர்க்கரை எவ்வளவு இருக்கு?"

வாசுகி சொன்னாள். "முந்நூத்தி முப்பதுங்க." நான் அவளிடம் சொன்னதில்லை. மிஷினில் பார்த்திருக்கிறாள்.

நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் கூடையின் கொக்கியைப் போட்டுக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களா மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு உட்கார்ந்திருந்த நாய்க்காரர்களில் ஒருவர் இன்றும் வெளியே இருந்தார். அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிப்ரவரி 16

எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 18

ஃப்ரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் தட்டு. இடது பக்கம் பூனையின் பாட்டில், வலது பக்கம் என் பாட்டில். இரண்டும் ஒரே உயரம், ஒரே மூடி. கை இடம் பார்த்தே எடுக்கும். ஐந்தாம் தேதி கழுவித் துடைத்தவள் மாற்றி வைத்துவிட்டாள். மாற்றி வைத்தது அவள் பிழை. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இடது, வலது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், எழுதியிருக்கிறதே, படித்து எடுத்தால் என்ன என்று கேட்பார்கள்.

பேப்பரைக் கூட நான் ஆறு மாதமாகப் பிரித்து மட்டும்தான் வைக்கிறேன். இந்த நோட்டிலும் வரி மேல் வரி ஏறிக்கொண்டு போகிறது என்று தெரியும். விரலை அணையாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 19

காலையில், "டீ இருக்கா?" என்று கேட்டேன். சுவரிடம் கேட்கவில்லை.

வாசுகி அடுப்படியிலிருந்து, "மெஸ்ல டீ போடறதில்லீங்களா மாமா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை இல்லாத டீ. பூனைக்கு ஒரு யூனிட் அவள் போட்டாள். நான் பிடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 24

கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் வற்புறுத்தவில்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறதாம். "இத வெச்சுக்கிட்டு எப்படிங்க நடமாடுனீங்க?" என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டாள். பழக்கம்தான் என்றேன். வலது கண் மார்ச் ஐந்தாம் தேதி.

பிப்ரவரி 28

டாக்டர் பெனசீர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சிறுநீரகம் இன்னும் கீழே போய்விட்டது. எடை இரண்டரைக் கிலோ. பட்டறையில் இருந்தபோது ஐந்தரை.

"அந்த வலிப்புனாலயா?" என்று கேட்டேன்.

"அது இல்லாட்டியும் இங்கதான் ஐயா வந்து நின்னிருக்கும்" என்றார். நல்ல பெண். பொய்யா மெய்யா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்கு இப்போது வழியில்லை. "இனி வைத்தியம்னு பெருசா ஒண்ணுமில்ல. வலியில்லாமப் பாத்துக்கலாம். சில வாரம் இருக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் ஆபரேஷனைத் தள்ளிவைக்க வாசுகியிடம் சொல்லிவிட்டேன். இது போகிறவரை நான் எங்கும் நகரப்போவதில்லை.

வாசுகி பூனைக்கு மீனை அரைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமலேயே பேசினாள். "அதுக்கு ஊசி போடறதுக்கு உங்க கண்ணு வேண்டீதில்லீங் மாமா. என் கண்ணு போதும்."

"எல்லாம் தெரிஞ்சவ."

"அது மூஞ்சிய நீங்க நல்லாப் பாத்து எத்தன நாளாச்சுங்க?"

பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வெயிலில் கிட்டே பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு மொத்தை, நடுவில் இரண்டு கறுப்பு. மூக்கின் மேல் அதற்கு மஞ்சளாக ஒரு மச்சம் உண்டு. அது எந்தப் பக்கம் என்று எனக்கு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை.

ஆபரேஷன் தேதியை மாற்ற வேண்டாம் என்று உள்ளே குரல் கொடுத்தேன்.

மார்ச் 2

ஞாயிறு. திருமூர்த்தி வந்து, பெட்டி கட்டியாச்சா என்று அவளைக் கேட்டான். ஒரு பெட்டி இரண்டு நாளாகக் கட்டில் அடியில் இருந்ததாம். என் கண்ணில் படவில்லை. "மாமா கண்ணு ஆபரேஷன் முடியட்டுங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்றாள். அவன் என்னைப் பார்த்து நின்றான். நான் எதாவது சொல்வேன் என்று இருவரும் நின்ற மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கப்பட்ட வாய் இல்லை இது. பூனைக்கு மண் மாற்றும் வேலை இருந்தது. எழுந்து போய் அதைச் செய்தேன். இத்தனை நாளில் அதை நான் செய்தது இரண்டாம் முறை.

மார்ச் 4

நாளை காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி. இன்று அதிகாலை காயில் வந்து என் கட்டை விரலைக் கடித்தது. பல் பதியாத கடி. கடித்துவிட்டுப் போய் நைட்டியில் படுத்துக்கொண்டது.

நான் இல்லாத நாட்களில் செய்ய வேண்டியவையும், செய்ய வேண்டியவர்களும்:

காலை ஏழு, மாலை ஏழு, ஒரு யூனிட். போட வேண்டியவர் வாசுகி. நான் திரும்பி வந்த பிறகும் வாசுகிதான். ஒரு யூனிட்டுக்குப் புதுத் துண்டு வெட்டிச் சிவப்பு மூடி டப்பாவில் வைத்திருக்கிறேன். அவள் கோடு பார்த்துத்தான் போடுவேன் என்றால் அதுவும் சரி.

பூனையின் பாட்டிலுக்கு நூல் டேப் சுற்ற வேண்டியவன் நான். சுற்றிவிட்டேன். இனித் தொட்டாலே தெரியும். அது இருக்க வேண்டிய பக்கம் இடது. யாரிடமும் சொல்லாமல் இருந்ததை இப்போது எழுத்தில் சொல்லிவிட்டேன்.

சாப்பிடாத வேளையில் ஊசி போடக் கூடாது. சாப்பிட்டதா என்று தட்டைப் பார்க்க வேண்டியவள் வாசுகி.

தண்ணீர் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். திருமூர்த்தி ஒரு வாரம் லீவு போட வேண்டும். பிடிக்க வேண்டியவன் அவன். கடிக்கும். கடிபட வேண்டியவனும் அவன்தான்.

மீனை முள் எடுத்து அரைக்க வேண்டும். தலை வேண்டாம், இப்போது அதற்கு மெல்ல முடியாது.

அது தண்ணீர் குடிப்பதை நிறுத்தினால், அல்லது நைட்டியை விட்டு எழாமல் போனால், டாக்டரை வீட்டுக்கு அழைக்க வேண்டியவள் வாசுகி. முடிவு சொல்ல வேண்டியவளும் அவள்தான். என் கண் கட்டு அவிழட்டும் என்று அதைக் காக்க வைக்கக் கூடாது.

குழி தோண்ட வேண்டியவன் திருமூர்த்தி. பின்பக்கம், பட்டறைக் கூரைத் தகரம் சாய்த்து வைத்த இடத்தில். ஆழம் மூன்றடி. அளந்து தோண்ட வேண்டும்.

எனக்கு உடனே சொல்ல வேண்டும். அழுதால் கண்ணுக்கு ஆகாது, ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்பான் திருமூர்த்தி. அவன் பேச்சைக் கேட்கக் கூடாது. சொல்ல வேண்டியவள் வாசுகி. அவள் சொன்னால் நம்புவேன்.

மச்சம் மூக்கின் எந்தப் பக்கம் என்று பார்த்து இதன் கீழே எழுதி வைக்க வேண்டியவள் வாசுகி. நான் வரும்போது பூனை இருந்தால் சரிபார்த்துக்கொள்கிறேன்.

ஓசூர் விஷயமாகத் திருமூர்த்தியிடம் பேச வேண்டியவன் நான்.

அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், நாய்க்காரர்கள் யாராவது உட்கார்ந்திருக்கும்போது, நடந்தது என்ன என்று சத்தமாகச் சொல்ல வேண்டியவன் நான்.

இந்த நோட்டில் பிப்ரவரி ஆறாம் தேதி முதல் வரியைப் படிக்க வேண்டியவள் வாசுகி. அதை அடிக்க வேண்டியவன் நான். இப்போது அடித்தால் வேறு எந்த வரி மேலாவது கோடு விழுந்துவிடும். கட்டு அவிழ்த்த அன்று, எழுத்து தெரிந்த பிறகு, கண்ணால் பார்த்து அடிக்க வேண்டும்.